பரிசு மட்டும் போதாது

சுவீடன் நாட்டுச் செல்வர் ரோல்ஃப் தெ மாரே நிறுவிய நடன ஆவணக் காப்பகம், 1932 ஜூலைத் திங்களில் பாரிஸ் நகரில் பன்னாட்டு நடன அமைப்புப் போட்டி ஒன்றை நடத்தியது. முதற்பரிசை வென்றவர் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரிலிருந்து வந்த குர்ட் யோஸ். அப்போது அவருக்கு அகவை 31. 'பச்சை மேசை' என்னும் அவர்தம் படைப்பு, மேசையைச் சூழ்ந்து வாதாடும் முகமூடி மாந்தரில் தொடங்கும், போர் மூளும், சாவு ஒவ்வொருவராய் அழைத்துச் செல்லும், இறுதியில் அதே மேசை, அதே மாந்தர். தம் குழுவிலிருந்த யூதக் கலைஞர்களை நீக்க மறுத்த யோஸ், மறு ஆண்டே நாடு துறந்தார். அவர் படைப்போ இன்றளவும் ஆடப்பட்டு வருகிறது. இளங்கலைஞர் ஒருவரை உலகறியச் செய்ய ஒரு போட்டியால் இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் யோஸ் பாரிசுக்குத் தனியே செல்லவில்லை. தாம் பயிற்றிய குழுவோடு சென்றார். பதினாறு பேர் ஆடும் படைப்பை ஒத்திகை பார்க்க அவருக்கு ஆளும் இடமும் காலமும் வாய்த்திருந்தன. இன்று பாலே நடனம் அமைக்க முற்படும் இளையோர்க்கு வாய்க்காதவை இவையே. கவிஞன் தனியறையில் எழுதி எழுதி அடித்துத் திருத்தலாம். நடன அமைப்பாளரோ, பயின்ற உடல்கள் எதிரே நின்று ஆடினாலன்றித் தம் பிழையைக்கூடக் காண இயலாது. ஆடுவோர்க்கு ஊதியம், கூடத்துக்கு வாடகை, யார் தருவார்? பெருங்குழுக்களோ இருக்கைகள் நிறைய வேண்டும் என்று 'ஸ்வான் லேக்', 'நட்கிராக்கர்' போன்ற பழைய படைப்புகளையே நாடுகின்றன.

ஸ்டுட்கார்ட் நகரில் 1958இல் தோன்றிய நோவேர் சங்கம் வேறொரு வழி கண்டது. பதக்கம் இல்லை, தரவரிசை இல்லை. நகரின் பாலே குழுவைச் சேர்ந்தோர் தம் முதற்படைப்புகளைத் தம் தோழரைக் கொண்டே அமைத்து, மக்கள்முன் மேடையேற்ற முடிந்தது. ஜான் நியூமையர், யிரி கிலியான், வில்லியம் ஃபோர்சைத் ஆகிய மூவரும் அம்மேடையில் கைபழகியவர்களே. பின்னாளில் முறையே ஹாம்பர்க்கிலும் ஹேக்கிலும் ஃபிராங்பர்ட்டிலும் குழுக்களை வழிநடத்தி, ஐரோப்பிய பாலேயின் முகத்தையே மாற்றியவர்களும் இவர்களே.

பரிசு வேண்டா என்பதன்று நம் கருத்து. பொற்கிழியோடு போட்டி நின்றுவிடலாகாது என்கிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்குச் சில வாரங்களேனும் முழுநேர ஆடற்கலைஞர்களும் ஒத்திகைக் கூடமும் இசைவாணரும் தரப்பட வேண்டும். பெண்களைத் தனியே கருதுதல் இன்றியமையாதது. பாலே மேடையில் அவர்களே மிகுதி; நடனம் அமைப்போர் வரிசையிலோ அருகியே காணப்படுகின்றனர். குழு நடனங்களுக்காக நாள் முழுதும் ஒத்திகையில் கட்டுண்டிருப்போர்க்குச் சொந்தப் படைப்பை எண்ணிப் பார்க்கவும் ஓய்வு ஏது? அவ்வோய்வைக் குழுக்களிடமிருந்து கேட்டுப் பெற்றுத் தருவதும் போட்டி நடத்துவோர் கடமையே.

வென்றவரின் முதற்படைப்புக்குக் கைதட்டி அனுப்பிவிட்டு, மறு ஆண்டு வேறொருவரைத் தேடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். பரிசளிக்கும் நாளிலேயே அவருடைய இரண்டாம் படைப்புக்கும் அரங்கும் நாளும் குறிக்கப்படட்டும்.