தண்ணீர் பிடிக்குது, ஆனா கழுவுதில்ல: “போர்ட் போயிட்டு” என்று நம்புவதற்கு முன்

வோஷிங் மெஷினை ஓன் பண்ணினால் தண்ணீர் வருகிறது, தொட்டி நிறைகிறது, அதோடு சரி. உடுப்பு சுற்றுவதில்லை. எங்கள் ஊர்களில் பல வீடுகளில் கேட்கிற முறைப்பாடு இது. அதற்குக் கிடைக்கிற பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “போர்ட் போயிட்டு. மாத்தத்தான் வேணும். இல்லாட்டி புதுசா ஒண்டு எடுங்க.”

2022 இல் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபா வரை போனதை நாங்கள் மறக்கவில்லை. இறக்குமதியாகிற ஒரு போர்ட் இன்று ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கையே புரட்டிப் போடும். மெஷின் நின்றால் அந்த வேலை முழுவதும் வீட்டுப் பெண்களின் கைகளில்தான் விழுகிறது. ஆகவே இதைச் சின்ன விடயம் என்று தள்ளிவிட முடியாது.

எங்கள் கருத்து இதுதான்: என்ன பழுது என்று தெரிவதற்கு முன்னால் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்கக் கூடாது.

மேலால் உடுப்புப் போடுகிற மெஷினையே எடுத்துக்கொள்வோம். தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மேலே போகிறது. தண்ணீர் ஏற ஏற அந்தக் குழாய்க்குள் இருக்கிற காற்று அமுக்கப்படும். போதிய அமுக்கம் வந்ததும் “தண்ணீர் நிறைந்துவிட்டது” என்று மெஷினுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் நின்று மோட்டர் சுற்றத் தொடங்கும். இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பழுதை வீட்டில் இருந்தே ஊகிக்கலாம். பார்க்க வேண்டியதும் கேட்க வேண்டியதும் மூன்று.

ஒன்று, தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறதா? அப்படியானால் மெஷின் இன்னும் நிறையவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. வெளியேறும் பைப்பால் தண்ணீர் போகிறதா என்று பாருங்கள். வெளியேற்றும் வால்வில் காசோ பஞ்சோ சிக்கினால் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் ஓடும். வெளியே போகவில்லை, தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது என்றால், அந்த மெல்லிய குழாய் கழன்றோ வெடித்தோ இருக்கலாம். டேங்க் உயரம் போதாமல் தண்ணீர் மெதுவாக வந்தாலும் மெஷின் காத்திருந்து காத்திருந்து நின்றுவிடும்.

இரண்டு, தண்ணீர் நின்றுவிட்டது, ஆனால் “ம்ம்ம்” என்ற சத்தம் மட்டும் வருகிறதா? மோட்டருக்குக் கரண்ட் போகிறது, அது சுற்ற முடியாமல் நிற்கிறது. பிளக்கைக் கழற்றி, உடுப்பை எடுத்துவிட்டு, அடியில் இருக்கிற சுற்றும் தட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காலுறையோ, காசோ, உடுப்பின் கம்பியோ அடியில் மாட்டியிருக்கலாம். இலேசாகச் சுற்றினால் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்க இடமுண்டு. மோட்டர் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்டும் தட்டு அசையவில்லை என்றால் பெல்ட் தளர்ந்தோ அறுந்தோ இருக்கலாம், அல்லது தட்டின் நடுப் பல் தேய்ந்திருக்கலாம். அடிப்பக்கம் திறந்த மெஷின்களில் எலி புகுந்து பெல்ட்டைக் கடிப்பதும் நடக்கிறது. பெட்ஷீட்டும் திரைச்சீலையுமாக அளவுக்கு மீறிப் போட்டிருந்தால், பாதியை எடுத்துவிட்டும் ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள்.

மூன்று, தண்ணீர் நின்றது, எந்தச் சத்தமும் இல்லையா? முதலில் பட்டன்களைப் பாருங்கள். ஊறவைக்கிற தெரிவோ, பிந்தித் தொடங்குகிற தெரிவோ பிள்ளைகளின் கைபட்டு அமுங்கியிருக்கும். சில மெஷின்கள் மூடி சரியாக மூடாவிட்டாலும் ஓடாது. இவையெல்லாம் சரியென்றால்தான் வயரையும் மோட்டரையும் போர்டையும் சந்தேகிக்க வேண்டும். போர்ட் பழுதாவதே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இடி மின்னலிலும், ஈரத்திலும், எறும்பும் பல்லியும் புகுந்தும் பழுதாகும். ஆனால் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. கெப்பாசிட்டரோ பெல்ட்டோ அதன் விலையில் சிறு பங்குதான்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட். பிளக்கைக் கழற்றாமல் தொட்டிக்குள் கை போட வேண்டாம். பின்மூடியைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் கரண்ட் தங்கியிருக்கும். மெஷினைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுத்தால், ஏர்த்தைச் சரிபார்க்கும் வரை பாவிக்கவே கூடாது. பார்த்தும் கேட்டும் அறிவது எங்கள் வேலை. கழற்றுவது தெரிந்தவரின் வேலை.

திருத்த வருகிறவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ஒருவர் பெற்றோல் அடித்து வந்து, அரை மணித்தியாலம் பார்த்து, “ஒண்டுமில்ல, காசு ஒண்டு மாட்டியிருந்த” என்று எடுத்துத் தந்தால், “இதுக்குமா காசு?” என்று கேட்கிறோம். பாகம் மாற்றினால் மட்டும் பேசாமல் கொடுக்கிறோம். உண்மையைச் சொன்னவருக்குக் கூலி இல்லை, போர்டை மாற்றியவருக்கு இலாபம் உண்டு என்ற நிலையை உருவாக்கியது யார்? அறிவுக்குக் காசு கொடுக்க மறுக்கிற ஊர், அதைவிடக் கூடுதலான காசைப் பாகங்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

அதனால் பார்க்கிற கூலியை முதலே பேசிக்கொள்வோம், பழுது சின்னதாக இருந்தாலும் அதை மனமுவந்து கொடுப்போம். அதோடு மூன்று விடயங்களைக் கேட்போம்: எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? கழற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா? பில்லில் உத்தரவாதக் காலத்தை எழுதித் தருவீர்களா? நேர்மையாக வேலை செய்கிறவருக்கு இந்தக் கேள்விகள் பாரமில்லை.

வகுப்பில் ஒரு பிள்ளையின் கணக்குப் பிழைத்தால் முழுப் பக்கத்தையும் கிழித்து எறியச் சொல்வதில்லை. எந்தப் படியில் பிழைத்தது என்று பார்க்கிறோம். திருத்துவதும் அதே அறிவுதான். ஆனால் சாதாரண தரத்தில் எதிர்பார்த்த பெறுபேறு வராத பிள்ளையைத்தான் “போய் ஒரு வேலையைப் பழகு” என்று அனுப்புகிறோம், அதுவும் ஒரு தண்டனை போல. இந்தத் தொழிலுக்கும் கூர்மையான பிள்ளைகள் தேவை. தொழிற்பயிற்சி அதிகார சபையில் பயின்று என்.வி.கியூ. சான்றிதழோடு வருகிற இளைஞனை, பல்கலைக்கழகம் போனவனை மதிப்பது போலவே மதிக்கப் பழகுவோம்.

உங்கள் ஊரில் காரணத்தை விளக்கிச் சொல்லித் திருத்துகிற நானாமார் இருந்தால் அயலவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும்.