வடலி இல்லாத பனங்கூட்டம்

சென்னையின் தெற்குப் புறநகரில், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலும், முடிச்சூர், மண்ணிவாக்கம், ஆதனூர், அகரம்தென் பக்கங்களிலும் மனைப்பிரிவுகளுக்கு நடுவே பனைகள் இன்னும் நிற்கின்றன. நிற்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அவற்றின் அடியில் வடலி, அதாவது இளம்பனை, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல இடங்களில் இல்லை. விழுந்த பழம் சிமெண்ட் தளத்தில் நசுங்குகிறது; தப்பி முளைத்ததைப் புதர் என்று பொக்லைன் வாரிவிடுகிறது. வாரிசு இல்லாத மரக்கூட்டம், எத்தனை மரம் நின்றாலும், அழிந்துகொண்டிருக்கும் கூட்டம்தான்.

வறட்சியைத் தாங்கும் மரங்களுக்கு வேறு இடங்களிலும் இந்தக் கதிதான். ராஜஸ்தான் பாலைவனத்தில் வன்னிமரத்தைக் காக்க 1730இல் கேஜர்லி கிராமத்தில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அதே மாநிலத்தில் இன்று சூரிய மின்பூங்காக்களுக்காக வன்னி வெட்டப்படுகிறது. தண்ணீர் ஊற்றாமலே வளரும் மரத்துக்குக் காவலும் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021 ஆகஸ்டில் தாக்கலான முதல் வேளாண் பட்ஜெட், ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்றது. 76 லட்சம் விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் தரப்படும் என்றும் அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் புறநகரில் பனை சாவது கோடரியால் மட்டுமல்ல. அடியில் குப்பையைக் கொட்டிக் கொளுத்துகிறார்கள். சாலைக்கு மண் எடுக்கும்போது வேரை வெட்டிவிடுகிறார்கள். சில மாதங்களில் மட்டை தொங்கி, குருத்து காய்ந்து, மொட்டை மரம் நிற்கும். பட்டமரத்தை அகற்ற எவரும் தடை சொல்லப் போவதில்லை.

வெட்டிய மரத்துக்கு ஈடாகப் பத்துக் கன்று நடுவோம் என்ற வழக்கமான சமாதானம் பனைக்குப் பொருந்தாது. பனை காய்ப்புக்கு வரவே பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். ஆண் பனை வேறு, பெண் பனை வேறு. இரண்டும் அருகருகே இல்லாவிட்டால் நுங்கும் இல்லை, விதையும் இல்லை. முளை முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்குவதால், பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைப்பது அரிது. எனவே இருக்கும் இடத்தில் காப்பதே உண்மையான பாதுகாப்பு. காக்கக் காரணமும் உண்டு: பனை புயலில் எளிதில் சாயாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் சாலைகளை மறித்துக் கிடந்ததைத் தாம்பரத்துக்காரர்கள் மறந்திருக்க முடியாது. 2015 வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூருக்கு, கரையின் மண்ணைப் பிடித்து நிற்கும் பனையின் சல்லிவேரின் அருமையைச் சொல்லவும் வேண்டியதில்லை.

வீடு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொது இடமாக விட வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த இடத்தைப் பனை நிற்கும் பக்கமாக ஒதுக்கச் சொன்னால் யாருக்கு என்ன நட்டம்? இன்று அது பெரும்பாலும் விற்க முடியாத மூலையில் போய் விழுகிறது.

ஏரி நீர்வளத்துறையிடம், சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், பனை வேளாண் துறையிடம், குப்பை மாநகராட்சியிடம் என்று பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவான தாம்பரம் மாநகராட்சி இதைத் தன் கையில் எடுக்க வேண்டும். ஏரி வாரியாக, வார்டு வாரியாகப் பனைகளை எண்ணட்டும். ஆண், பெண், வடலி என்று தனித்தனியே பதியட்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அந்தப் பதிவேட்டைப் பார்த்த பிறகே வரைபடத்தில் கையெழுத்திட வேண்டும். மரத்தடியில் குப்பை எரித்தால் அபராதம் விதிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், பழம் உதிரும் காலத்திலேயே மாடம்பாக்கம், சேலையூர் ஏரிக்கரைகளில் விதை ஊன்றி, முளைத்த வடலிக்கு வேலி கட்ட வேண்டும். அடுத்த மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன் இந்தக் கணக்கெடுப்பை மாநகராட்சி தொடங்கியாக வேண்டும்.