டார்க் சோல்ஸ் ஸ்விட்ச்ல வாங்கலாமா? ஸ்டார் ரேட்டிங்கை விடுங்க, கணக்கைப் பாருங்க

எஸ்ஐபி, இன்சூரன்ஸ்னே பேசிட்டிருக்கோம். இன்னைக்கு ஒரு வீடியோ கேமை எடை போடலாம்.

'டார்க் சோல்ஸ்: ரீமாஸ்டர்ட்'. இருண்ட மாய உலகம், கத்தி, கேடயம், திரும்பின பக்கமெல்லாம் சாவு. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2011-ல் கொண்டுவந்த கேம். நின்டெண்டோ ஸ்விட்சுக்கு 2018 அக்டோபரில் வந்தது.

கேம் எப்படி?

மற்ற மெஷின்களில் நொடிக்கு 60 ஃப்ரேம், ஸ்விட்சில் 30தான். கையில் வெச்சு ஆடும்போது திரை 720பி. ரிவ்யூ பண்றவங்க இதுக்குத்தான் மார்க் குறைப்பாங்க. என்னைக் கேட்டா, அந்தச் சின்னத் திரையில் இது பெரிய குறையே இல்லை.

முக்கியமான விஷயம் வேற. இந்த கேமில் பாஸ் பண்ணவே முடியாது. நடுவுல போன் வந்தா செத்தீங்க! ஸ்விட்சில் ஆஃப்லைனா ஆடினா, பவர் பட்டனை அழுத்தித் தூங்க வைக்கலாம். திரும்ப எழுப்பினா விட்ட இடத்துலயே நிக்கும். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கறதுக்குள்ள கொஞ்சம் ஆடி, அப்படியே மூடி வெக்கலாம். வேலைக்குப் போறவங்களுக்கு இந்த வசதி 60 ஃப்ரேமை விடப் பெருசு.

ஆக, கேம் பாஸ். ஆனா வாங்கணுமா?

மணிக்கு எவ்வளவு?

அமெரிக்காவில் இதன் விலை சுமார் 40 டாலர். டாலர் 85 ரூபாய்னு வெச்சுக்கோங்க: 3,400 ரூபாய். வெளிநாட்டுப் பணத்தில் கட்டினா பல கார்டுகளில் 3.5% வரை மார்க்அப், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. மொத்தம் சுமார் 3,540.

40 மணி நேரம் ஆடினா மணிக்கு 89 ரூபாய். 200 ரூபாய் டிக்கெட்டில் இரண்டரை மணி நேரப் படம் பார்த்தா மணிக்கு 80. பரவாயில்லையேன்னு தோணும். இங்கதான் ஏமாறுறோம். இந்த கேம் ரொம்பக் கஷ்டம். வெறுத்துப்போய் அஞ்சு மணி நேரத்தில் விட்டுட்டா மணிக்கு 708 ரூபாய்! இதுக்காகவே 25,000 ரூபாய்க்கு கன்சோலும் வாங்கினா, 40 மணி நேரம் முழுசா ஆடினாலும் மணிக்கு 700-ஐத் தாண்டும்.

'நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே'ன்னு சொல்லாதீங்க. கிரெடிட் கார்டில் பிராசஸிங் ஃபீஸ், வட்டி மேல ஜிஎஸ்டின்னு அதுலயும் செலவு இருக்கு. ஸ்விட்சை நின்டெண்டோ இந்தியாவில் அதிகாரப்பூர்வமா அறிமுகம் செய்யலை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் அது இறக்குமதி சரக்குதான். கடைக்காரர் வாய்வார்த்தையா சொல்ற வாரண்டியை பில்லில் எழுதி வாங்குங்க.

வெளியே வர வழி இருக்கா?

முதலீட்டில் நாம கேட்கிற கேள்விதான்: வேண்டாம்னா எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? டவுன்லோடு பண்ணின கேமை விற்க முடியாது. கேட்ரிட்ஜை விற்கலாம். 3,000-க்கு வாங்கி 2,000-க்கு விற்றா உங்க உண்மையான செலவு 1,000தான். பிடிக்காம அஞ்சு மணி நேரத்தில் விட்டாலும் மணிக்கு 200.

இந்த கேமே ஒரு பாடம் சொல்லும். செத்தா சேர்த்த 'சோல்ஸ்' எல்லாம் அங்கேயே விழுந்து கிடக்கும். அதை எடுக்க அவசரமா ஓடுவோம்; போற வழியில் மறுபடி செத்தா மொத்தமும் போச்சு. நஷ்டத்தில் இருக்கிற ஷேரை, 'போட்ட காசை எடுத்தே தீருவேன்'னு பிடிச்சுத் தொங்குறதும் இதேதான். பிடிக்காத கேமை 'காசு கொடுத்தாச்சே'ன்னு முடிக்கப் பார்க்கிறதும் அதேதான். போன காசு போனதுதான். இனி போகப்போற நேரம்தான் உங்க கையில் இருக்கு.

என் தீர்ப்பு

ஸ்விட்ச் ஏற்கனவே இருக்கா? செகண்ட் ஹேண்ட் கேட்ரிட்ஜ் தேடி வாங்குங்க, தாராளமா ஆடுங்க. இந்த ஒரு கேமுக்காக இஎம்ஐ போட்டு கன்சோல் வாங்கற யோசனையா? வேண்டாம். நண்பர்கிட்ட ஒரு வாரம் இரவல் வாங்கி ஆடிப் பாருங்க. அப்பவும் ஆசை குறையலைன்னா, மாசா மாசம் சேர்த்து மொத்தமா பணம் கட்டி வாங்குங்க.

நீங்க கடைசியா வாங்கின கேம் மணிக்கு எவ்வளவு ஆச்சு? கணக்கு போட்டு கமெண்ட்ல சொல்லுங்க.