கட்டிப்பால் காக்கும் சாலை

மாணவர்களே, கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் நின்று புறப்படும் சந்திப்புகளைப் பேருந்தில் போகும்போது கவனியுங்கள். சக்கரம் ஓடும் இரு தடங்களும் அமுங்கியிருக்கின்றனவா? மழைநாளில் அந்தப் பள்ளத்தில் தேங்கும் நீர், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் அப்பா அம்மாவுக்கு ஆபத்து.

தார்ச்சாலை ஏன் அமுங்குகிறது? நண்பகல் வெயிலில் சாலையின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸ் வரை சூடேறலாம். சாதாரணத் தாரோ ஏறக்குறைய 50 பாகையிலேயே இளகத் தொடங்கும். அதோடு லோரியின் எடையும் சேர்கிறது. அச்சின் மீதுள்ள சுமை இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது பொறியாளர்கள் கணக்கு.

இதற்கு ஒரு தீர்வு, நீங்கள் ஐந்தாம் படிவ வேதியியலில் படிக்கும் பாலிமர். இயற்கை ரப்பர் என்பது ஐசோப்பிரீன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. அதில் சில விழுக்காட்டைச் சூடான தாரில் கலந்தால், சங்கிலிகள் வலைபோல் பின்னிக்கொள்ளும். வெயிலில் தார் எளிதில் இளகாது. சக்கரம் கடந்ததும் பழைய நிலைக்கு மீளும் தன்மையும் கூடும்.

நம் நாட்டில் மலேசிய ரப்பர் வாரியமும் பொதுப்பணித்துறையும் இதைச் சில சாலைகளில் சோதித்துள்ளன. பயன்படுத்தியது என்ன தெரியுமா? மங்கிலேயே உறைந்துபோகும் கட்டிப்பால்! உங்கள் தாத்தா பாட்டிக்கு நன்கு தெரிந்த பொருள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான சல்லிக்கற்கள் மீது பூசிச் சாலை போடும் முறையைக் கண்டறிந்தார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பிளாஸ்டிக்கும் பாலிமர்தான்.

செலவு கூடுமே என்பார்கள். உண்மைதான். அதனால் எல்லாச் சாலைக்கும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கனரக லோரிகள் நிற்கும் சந்திப்புகளிலும் ஆலைகளுக்குப் போகும் வழிகளிலும் முதலில் போடலாம். அடிக்கடி ஒட்டுப்போடும் செலவு குறையும். பால் வெட்டும் சிறுதோட்டக்காரர்களின் கட்டிப்பாலுக்கும் தேவை கூடும்.

ஆனால் ரப்பர் மந்திரம் அல்ல. நம் கரையோரக் களிமண்ணும் சதுப்பு மண்ணும் மென்மையானவை. அடித்தளம் இறங்கினாலும், கால்வாய் அடைத்து நீர் உள்ளே ஊறினாலும், மேலே எந்தத் தார் போட்டும் பயனில்லை. அளவுக்கு மீறிய சுமையையும் தடுக்க வேண்டும்.

இனி ஒரு சாலை போடும்போது, எவ்வளவு செலவு என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை ஆண்டு தாங்கும் என்றும் கேளுங்கள்.