காற்றலைக்கும் ஒரு நடுவர் வேண்டும்

திருச்சி வட்டாரத்துக் கல்லூரித் தொழில்நுட்ப விழாக்களின் ரோபோ போட்டி விதித்தாள்களில் ஒரு வரி ஆண்டுதோறும் தப்பாமல் இடம்பெறுகிறது. வயர்லெஸ் ரோபோ கொண்டுவரும் அணி இரண்டு அலைவரிசைகளில் இயங்கும் ரிமோட் வைத்திருக்க வேண்டும். சிக்னல் குறுக்கிட்டால் நடத்துபவர்கள் பொறுப்பல்ல. கிறிஸ்டலைக் கழற்றி மாற்றிய 27, 40 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் காலத்து விதி இது. இந்த ஆண்டும் அதையே அச்சடித்திருக்கிறார்கள்.

இன்று எல்லோரும் அடைந்துகிடப்பது 2.4 கிகாஹெர்ட்ஸில். 2005 ஜனவரியில் மத்திய அரசு உரிமக் கட்டாயத்தை நீக்கிய அந்தப் பட்டையின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். வைஃபை, ப்ளூடூத், ரிமோட், பார்வையாளர்களின் ஹாட்ஸ்பாட் எல்லாம் அதற்குள்தான். ஒன்றோடொன்று உரசாத வைஃபை சேனல்கள் 1, 6, 11. மூன்றே மூன்று! முப்பது அணிகள் வந்தாலும் மூன்றுதான்.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் ஒரு பள்ளி அணியை எடுத்துக்கொள்வோம். சில நூறு ரூபாய் இஎஸ்பி8266 போர்டில் மாதிரி நிரலை அப்படியே ஏற்றியிருப்பார்கள். சேனலைக் குறிப்பிடாவிட்டால் அது 1இல் போய் உட்காரும். பக்கத்து மேசை அணியும் அதே நிரலை ஏற்றியிருக்கும். காலையில் வராந்தாவில் சொன்னபடி கேட்ட வண்டி, கூட்டம் நிறைந்த அரங்கில் அரை விநாடி தாமதித்துத் திரும்பி, சுவரில் முட்டி நிற்கும். அலைவரிசை தாவும் ரிமோட்டுக்குச் சில ஆயிரம் செலவழித்த அணி ஜெயிக்கும்.

திருச்சி வானொலி 1939இல் தொடங்கியது. 936 கிலோஹெர்ட்ஸைத் திருப்பினால் உறையூரிலும் துவாக்குடியிலும் அந்த நிலையம்தான் பேசும். இடையில் இன்னொருவர் புகுந்து பேசுவதில்லை. அந்த இடத்தை ஒதுக்கிக் கொடுக்க ஓர் ஆள் இருந்ததால்தான் தலைமுறை தலைமுறையாகச் செய்தியும் நாடகமும் கச்சேரியும் கேட்டோம். 2.4இல் அப்படி ஆள் இல்லை. அங்கே யாரும் பாதுகாப்புக் கோர முடியாது என்று அரசு அறிவிக்கையே சொல்கிறது. அரசு விலகிக்கொண்ட இடத்தில், மண்டபத்துக்குள்ளாவது நடத்துபவர் ஒதுக்கித் தரவேண்டாமா?

குறுக்கீட்டைச் சமாளிப்பதும் பொறியியல்தானே என்று சில பேராசிரியர்கள் கேட்கிறார்கள். சோம்பேறித்தனத்துக்குப் பாடத்திட்டம் என்று பெயர் சூட்டுகிற பேச்சு இது. உலக ரோபோ ஒலிம்பியாடில் ரோபோ ஓடும்போது ப்ளூடூத்தும் வைஃபையும் அணைந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ‘ஃபர்ஸ்ட்’ போட்டிகளில் அணிகள் அரங்கில் சொந்த வைஃபை போடக்கூடாது. பெரிய மாணவர்களுக்கான போட்டியில் களத்து வலையமைப்பே நடத்துபவர் கையில். 2025 பருவத்தில் அங்கே 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கும் மாறினார்கள். அவர்களுக்கெல்லாம் பொறியியல் தெரியாதா?

நம்மிடம் 5 கிகாஹெர்ட்ஸில் 2018இலேயே தாராளமாக இடம் திறந்துவிட்டார்கள். மேற்படி போர்டுக்கு அங்கே போகத் தெரியாது. ஆகவே ஏழை அணிக்கு 2.4தான் கதி, அதைக் காப்பாற்ற விதிதான் வழி. அந்த விதி வராதவரை இங்கே வழங்கப்படும் கோப்பை எல்லாம் ரிமோட்டின் விலைக்கு வழங்கப்படுவதே.

செலவு ஒன்றுமில்லை. பதிவு மேசையிலேயே சேனலை எழுதிக் கொடுங்கள். ஆட்டம் நடக்கும்போது மற்ற அணிகளின் கருவிகளை வாங்கி வையுங்கள். ஹாட்ஸ்பாட்டை அணைக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். தொடர்பு அறுந்தால் மறு ஆட்டம் கொடுங்கள். துவாக்குடி என்.ஐ.டி.யின் ‘பிரக்யான்’ 2005 முதல் நடக்கும் விழா. அவர்கள் முதலில் இதை எழுதிவைத்தால் சுற்றுவட்டாரக் கல்லூரிகள் மறுநாளே படியெடுத்துக்கொள்ளும்.