மூட்டுக்கும் ஒரு பட்டா வேண்டும்



பெரம்பலூர், அரியலூர் பக்கம் இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரையாவது பார்க்கிறேன். மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் தேய்ந்த கால்கள். திருச்சிக்குப் போய் வந்து மறுபடி நடக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் "உள்ளே என்ன வைத்தார்கள்?" என்று கேட்டால், "ஏதோ பிளேட்டு சார்" என்கிறார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை என்று வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா? அதிலுள்ள குரோமியம், மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகப் படிந்து காக்கிறது. அதிலேயே ஊறுகாயை நாள்கணக்கில் வைத்தால் உப்பு அந்தப் படலத்தைத் துளைத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும். செயற்கை மூட்டில் உள்ள கோபால்ட்-குரோமியக் கலவைக்கும் இதே படலம்தான் காவல். நம் உடம்போ உப்பு நீர். அதோடு ஒவ்வோர் அடிக்கும் உராய்வு. படலம் கீறும், மறுபடி படியும். அந்த இடைவெளியில் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

பெரும்பாலான மூட்டுகளில் உலோகம் பிளாஸ்டிக்கின் மீது நகர்வதால் இது மிகக் குறைவு. ஆனால் ஜான்சன் அண்ட் ஜான்சனின் டீப்யூ நிறுவனம் விற்ற ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டில் பந்தும் கிண்ணமும் இரண்டுமே உலோகம். உராய்ந்து உதிர்ந்த துகள்கள் சுற்றியுள்ள சதையைக் கெடுத்தன. இரத்தத்தில் கோபால்ட் ஏறியது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 பேருக்குப் பொருத்தியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. மத்திய அரசு அமைத்த குழு, ஒவ்வொருவருக்கும் குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. கையில் காகிதம் இல்லாதவர் எதைக் காட்டிக் கேட்பார்?

ஆஸ்திரேலியாவில் பொருத்தப்படும் மூட்டுகளையெல்லாம் தேசியப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். அதனால் 2007லேயே ஏ.எஸ்.ஆர். மீது சந்தேகம் எழுந்தது. 2009 டிசம்பரில் அங்கே விற்பனை நின்றது. நம் நாட்டிலும் அப்படியொரு பதிவேடு கட்டாயம் ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாட்டுக்குக் காதில் எண் போட்டுக் கணக்கு வைக்கிறோம். மனிதருக்கு வைக்கக் கூடாதா?

அதுவரை நம் வேலையை நாம் செய்வோம். ஒவ்வொரு மூட்டின் பெட்டியிலும் கம்பெனி பெயர், மாடல், வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதன் ஒரு பிரதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். போன் பிடித்துக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்; அது உங்கள் உரிமை. போட்டோ எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டு, பட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். முழங்கால் மூட்டுகளில் பத்துக்கு எட்டு, 25 ஆண்டு தாங்குகின்றன என்று 2019ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. ஆனால் நன்றாக இருந்த மூட்டில் புதிதாக வலி, வீக்கம், சத்தம் வந்தால் "வயசாச்சு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் உலோகமான இடுப்பு மூட்டு என்றால், இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்றே அம்மா அப்பாவின் ஃபைலை எடுத்துப் பாருங்கள். ஸ்டிக்கர் இருக்கிறதா, இல்லையா என்று கமெண்டில் எழுதுங்கள்.