நிலக்கரிக்கு மாற்று எரிவாயுவா?

கல்வராயன் மலைக்குக் கிழக்கே நெய்வேலி, மேற்கே மேட்டூர். இவ்விரண்டு ஊர்களும் தமிழகத்தின் அனல்மின் உற்பத்தியில் பெரும்பங்கு வகிப்பவை. நெய்வேலியில் மண்ணுக்கடியிலிருந்து அகழ்ந்தெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி, 1962 முதல் மின்சாரமாகி வருகிறது. மேட்டூருக்கோ ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து கப்பலிலும் தொடர்வண்டியிலும் நிலக்கரி வந்து சேர்கிறது. இடையிலுள்ள கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கரும்பு வயலுக்கும் மரவள்ளித் தோட்டத்திற்கும் நீரிறைக்கும் மின்விசையில், எங்கோ எரியும் ஒரு கொதிகலனின் பங்கும் உண்டு. மின்சாரத்தைத் துய்ப்பவர் ஓரிடத்திலும் சாம்பலைச் சுமப்பவர் வேறிடத்திலும் வாழ்வதால், அக்கொதிகலனை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை.

சாம்பலின் சுமை

இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல் உள்ளது. வடசென்னைப் பகுதி அனல்மின் நிலையங்களின் உலைச்சாம்பல் கொசத்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்து, மீனும் இறாலும் வாழ்ந்த நீர்நிலையைத் தூர்த்தது. அதனால் அங்குள்ள மீனவரின் பிழைப்பு நலிந்தது. 1970இல் தொடங்கப்பெற்ற எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆயினும் படிந்த சாம்பல் நிலையத்தோடு மறைந்துவிடவில்லை.

எனவே, நிலக்கரிக்கு மாற்றாக இயற்கை எரிவாயுவைப் பயன்படுத்தலாம் என்னும் கருத்து முன்வைக்கப்படுகிறது. அக்கருத்தில் உண்மை உண்டு. எரிவாயு எரிந்தால் சாம்பல் இல்லை. கந்தக வளிமமும் மிகக் குறைவு. ஒரே அளவு வெப்பத்தைப் பெற, நிலக்கரியைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவான கார்பன் டை ஆக்சைடே வெளியாகிறது. எண்ணூர் காமராசர் துறைமுகத்தில், ஆண்டுக்கு 50 இலட்சம் டன் எரிவாயுவைக் கையாளும் முனையமும் 2019இல் திறக்கப்பட்டது. அவ்வாறெனில், பழைய நிலையங்கள் அனைத்தையும் எரிவாயுவுக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். அவ்வாறு முடிவெடுக்கும் முன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும்.

மூன்று வினாக்கள்

முதல் வினா, எவ்வாறு மாற்றுவது என்பது. பழைய கொதிகலனிலேயே எரிவாயுவை எரித்தால், வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகும். முதலில் எரிவாயுச் சுழலியை இயக்கி, அதன் கழிவு வெப்பத்தால் நீராவிச் சுழலியையும் இயக்கும் கூட்டுச் சுழற்சி முறையில் பாதிக்கும் மேல் மின்சாரமாகும். ஆனால், அது மாற்றம் அன்று; புதிய நிலையத்தையே கட்டுவதாகும்.

இரண்டாம் வினா, எரிவாயு எங்கிருந்து வரும் என்பது. அமெரிக்காவில் 2011 முதல் 2019 வரை நூற்றுக்கும் மேற்பட்ட நிலக்கரி நிலையங்கள் எரிவாயுவுக்கு மாறின. அந்நாட்டிற்குத் தன் மண்ணிலேயே மலிவான எரிவாயு கிடைத்தது. இந்தியாவோ தன் தேவையில் ஏறத்தாழப் பாதியை இறக்குமதி செய்கிறது. ஏற்கெனவே கட்டப்பட்ட எரிவாயு மின்நிலையங்களில் பல, எரிபொருள் இன்றியும் விலை கட்டுப்படியாகாமலும் பெரும்பாலான நாள்கள் முடங்கிக் கிடக்கின்றன. உள்நாட்டில் எடுக்கலாமெனில், காவிரிப் படுகை உழவர்கள் தம் நிலத்தையும் நிலத்தடி நீரையும் காக்கப் போராடியதை மறக்கலாகாது. அப்படுகை 2020இல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது.

மூன்றாம் வினா, கசிவைப் பற்றியது. எரிவாயுவின் முதன்மைக் கூறு மீத்தேன். எரியாமல் கசிந்த மீத்தேன், இருபது ஆண்டுக் காலக் கணக்கில், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 80 மடங்கு புவியைச் சூடாக்கும். கிணற்றிலும் குழாயிலும் சிறு விழுக்காடு கசிந்தாலே, எரிவாயுவால் கிடைக்கும் நன்மையின் பெரும்பகுதி கரைந்துபோகும்.

சத்திரமும் வீடும்

கதிரவன் மறைந்தபின் சூரிய மின்சாரம் இல்லை. காற்றும் எப்போதும் வீசுவதில்லை. ஆதலால் எரிவாயு தேவையே என்பர். மாலை வேளையில் மின்தேவை உயரும்போது விரைவில் இயக்கி நிறுத்தத்தக்கது எரிவாயுச் சுழலி என்பது மெய்யே. அவ்வளவில் அதனைப் பயன்படுத்தலாம். வழிப்போக்கன் சத்திரத்தில் ஓரிரவு தங்கலாம், சத்திரத்தையே வீடாக்கிக்கொள்ளலாகாது. நாற்பது ஆண்டுகள் உழைக்கும் நிலையங்களை எரிவாயுவை நம்பிக் கட்டினால், அதற்கான கடனையும் விலை ஏற்றத்தையும் அடுத்த தலைமுறையே சுமக்கும்.

நம் வீட்டுக்கான வழிகள் நம்மிடமே உள்ளன. மின்சாரம் மிகும்போது நீரை மேலேற்றி, தேவை மிகும்போது திறந்துவிடும் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் காடம்பாறையில் இயங்குகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலோ மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்புச் சக்கையை எரித்தால் வெளியாகும் கார்பன், அக்கரும்பு வளர்கையில் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதே. நீரிறைக்கும் பம்புசெட்டுகளைச் சூரிய ஆற்றலால் பகலில் இயக்கினால், இரவில் எரிக்க வேண்டிய எரிபொருள் அந்த அளவுக்குக் குறையும்.

பழைய நிலக்கரி நிலையங்களைப் படிப்படியாக மூட வேண்டும் என்பதே என் கருத்து. அங்கு உழைப்போருக்கு மாற்றுப்பணியும் பயிற்சியும் அளித்தபின் மூடுவதே அறமாகும். எரிபொருளை மாற்றுவது எளிது. அதனால் மட்டும் சுமை குறைந்துவிடாது. எண்ணூரில் குறையும் சாம்பல், காவிரிப் படுகையின் கண்ணீராக மாறாதிருக்க வேண்டும். எந்த ஆற்றல் திட்டத்தையும் நாம் இவ்வளவுகோலைக் கொண்டே எடைபோட வேண்டும்.